ஸ்ட்ராஸ்பர்க் வரிசையில் 342 தமிழர்கள்

காஞ்சிபுரத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய தன்னார்வலர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே மட்டும் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டோம்.

  பிள்ளையார்பாளையத்தில் இருந்து தறியை நிறுத்திட்டு வந்திருக்கிற அண்ணன்களுக்குத் தனி வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "மனு மேலாண்மை". வார்டு வாரியா வர்ற மனுக்களை எப்படிப் பதிவு பண்றது, எப்படிப் பிரிக்கிறது, எதை முதல்ல எடுக்கிறது. அதை மதியம் லேப்டாப்பில் செய்து பார்ப்போம். காலையில் ஒரு கதை சொல்லப்போறேன். லட்சக்கணக்கான மனு குவிஞ்சு மூச்சுத் திணறின ஒரு நீதிமன்றத்தோட கதை. ஊர் ரொம்ப தூரம், பிரான்ஸ் நாட்டு எல்லையில் ஸ்ட்ராஸ்பர்க். ஆனா அந்தக் குவியலுக்குள்ள நம்ம ஆளுங்க இருந்தாங்க. அதனாலதான் இந்தக் கதை.

2007-ம் வருஷம். இலங்கையில் போர் நிறுத்தம் பேருக்குத்தான் இருந்தது. கிழக்கில் சண்டை, கொழும்பில் சோதனை, வெள்ளை வேன் கடத்தல்னு தினம் ஒரு செய்தி. அதே நேரத்தில் லண்டனில், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஈழத்தமிழர்களை விமானம் ஏற்றிக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தாங்க. பிரிட்டனில் போக வேண்டிய கோர்ட் எல்லாம் போயாச்சு, கதவு எல்லாம் மூடியாச்சு. கடைசியா ஒரு கதவு இருந்தது. அதுதான் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்.

இந்த நீதிமன்றத்தைப் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1950-ல் ரோம் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஒரு மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டாங்க. 1959-ல் நீதிமன்றம் வந்தது. 1998 நவம்பரில் இருந்து முழுநேர நீதிமன்றம். சாதாரண ஒரு ஆள், தன் நாட்டு அரசாங்கத்து மேலேயே நேரா வழக்குப் போடலாம். அந்த நாட்டுக் குடிமகனா இருக்கணும்னுகூட அவசியம் இல்லை, அந்த நாட்டு அதிகாரத்துக்குள்ள இருந்தாப் போதும். அதனாலதான் லண்டனில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரால் பிரிட்டன் மேல் வழக்குப் போட முடிந்தது. ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவின் அருஷாவில் ஒரு மனித உரிமை நீதிமன்றம் இருக்கு. அமெரிக்கக் கண்டத்துக்கு கோஸ்டாரிகாவில் ஒன்று இருக்கு. ஆசியாவுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒன்றுகூட இல்லை. கொழும்பில் அடிபட்டவருக்கு ஆசியாவில் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது, ஐரோப்பாவில் இருந்தது. யோசிச்சுப் பாருங்க.

அந்த உடன்படிக்கையின் 3-ம் பிரிவு யாரையும் சித்திரவதை செய்யக்கூடாதுன்னு சொல்லுது. சித்திரவதை நடக்கும்னு தெரிஞ்ச இடத்துக்கு ஒருவரை அனுப்புவதும் அதே பிரிவை மீறுவதுதான்னு நீதிமன்றம் சொல்லி வந்திருக்கு. விமானம் நாளைக்கு, வழக்கு முடிய மூணு வருஷம் ஆகும்னா என்ன செய்றது? அதுக்கு நீதிமன்ற விதிகளில் 39-ம் விதி இருக்கு. "வழக்கைப் பார்த்து முடிக்கும் வரை இவரை அனுப்பாதே" என்று அரசுக்குச் சொல்லும் இடைக்கால ஏற்பாடு. நம்ம ஊர் பாஷையில் ஸ்டே.

2007-ல் தமிழர்களிடம் இருந்து இந்த ஸ்டே கேட்டு மனு வர ஆரம்பிச்சது, வந்துகிட்டே இருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு நீதிபதி பார்க்கணும். விமானம் கிளம்புற நேரம் தெரியும், அதனால தள்ளிப்போட முடியாது. ஒரு கட்டத்தில் நீதிமன்றமே பிரிட்டன் அரசுக்குக் கடிதம் எழுதிடுச்சு. 2007 அக்டோபர். சாரம் இதுதான்: தமிழர்கள் மனு நிறைய வருது, ஒவ்வொன்றையும் தனித்தனியாப் பார்க்கிறது எங்க நேரத்தையும் ஆள்பலத்தையும் ரொம்பவே இழுக்குது, ஒரு முதன்மைத் தீர்ப்பு வரும் வரைக்கும் நீங்களே இவங்களை அனுப்பாம இருந்தா உதவியா இருக்கும்.

பிரிட்டன் என்ன சொன்னது? தமிழர்கள் எல்லாரையும் அனுப்புவதை மொத்தமா நிறுத்த முடியாது, நீங்களே ஒரு முதன்மைத் தீர்ப்பு கொடுத்து இதைத் தீருங்க.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. மனு குவிஞ்சா நிர்வாகத்துக்கு முன்னாடி எப்பவும் ரெண்டு சுலபமான வழி இருக்கும். ஒன்று, எல்லாத்தையும் அனுமதிச்சிடறது. இன்னொன்று, எல்லாத்தையும் ஒரே வரியில் தள்ளிடறது. நம்ம ஊர்ல ரெண்டாவதுதான் வழக்கம். ஸ்ட்ராஸ்பர்க் ரெண்டையும் செய்யலை. ஒரே ஒரு கோப்பை மேலே எடுத்தாங்க. மத்த எல்லாருக்கும் ஸ்டேயை நீட்டிச்சு, "இந்த ஒரு வழக்கில் கேள்வியைத் தீர்த்துடுவோம், அப்புறம் உங்க கோப்பைப் பார்க்கிறோம்"னு நிறுத்தி வெச்சாங்க. அப்படி ஸ்டே கிடைச்ச தமிழர்களின் எண்ணிக்கையைத் தீர்ப்பிலேயே எழுதியிருக்காங்க: 342.

அந்த ஒரு கோப்புக்காரரின் பெயர் வெளியே வரலை. ரெண்டு எழுத்துதான், என்.ஏ. 1999-ல் பிரிட்டனுக்கு வந்தவர். 1990-க்கும் 1997-க்கும் நடுவில் இலங்கை ராணுவம் அவரை ஆறு தடவை பிடித்திருக்கிறது. புலி என்று சந்தேகம். அடித்ததில் உடம்பில் தழும்பு. ஃபோட்டோ எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். கடைசித் தடவை அப்பா ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மீட்டு வந்தார். 2007 ஜூன் 25-ல் அவரை விமானம் ஏற்ற நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குத்தான் ஸ்டே.

2008 ஜூலை 17-ல் தீர்ப்பு. இவரைத் திருப்பி அனுப்பினால் 3-ம் பிரிவு மீறப்படும்.

தீர்ப்பின் உள்ளே போனா நமக்குப் பாடம் இருக்கு. இலங்கையில் பொதுவா நிலைமை மோசம், அதனால் தமிழர் யாரையுமே அனுப்பக்கூடாதுன்னு அது சொல்லலை. நமக்கு அது வருத்தம்தான், எனக்கும் வருத்தம்தான். ஆனா அது சொன்னது இன்னொன்று. தழும்பு ஒரு சங்கதி. பழைய கைது ஒரு சங்கதி. அப்பா போட்ட கையெழுத்து ஒரு சங்கதி. லண்டனில் இருந்து திரும்புகிறவர் என்பது இன்னொரு சங்கதி. தனித்தனியா எடுத்தா எதுவுமே போதாதுன்னு அதிகாரி தள்ளிடலாம். எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும், அதுவும் கொழும்பு விமான நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பவன் கண்ணால பார்க்கணும். பத்து வருஷம் ஆச்சே, மறந்திருப்பாங்கன்னு சொல்லிட முடியாது. பதிவேடு மறக்காது.

இதோட அருமை புரியணும்னா 1991-க்குப் போகணும். வில்வராஜா வழக்கு. ஐந்து தமிழர்கள். பிரிட்டன் 1988 பிப்ரவரியில் இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. போன இடத்தில் சிலர் அடிபட்டார்கள். 1989-ல் பிரிட்டனின் மேல்முறையீட்டு அதிகாரியே இவர்களின் பயம் நியாயமானது என்று சொல்லி, திரும்ப லண்டனுக்கு வர வழி கிடைத்தது. அதுக்கப்புறமும் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 1991-ல் பெரும்பான்மையாக என்ன சொன்னது தெரியுமா? இவர்கள் நிலைமை மற்ற இளம் தமிழ் ஆண்களின் நிலைமையைவிட மோசமில்லை, அனுப்பியதில் 3-ம் பிரிவு மீறப்படவில்லை. எல்லாத் தமிழனுக்கும் ஆபத்து என்பதால், உனக்குன்னு தனி ஆபத்து இல்லையாம்! இந்த வாதத்தில் இருந்து "எல்லாத்தையும் சேர்த்துப் பார்" என்ற இடத்துக்கு வர 17 வருஷம் ஆச்சு. அந்த மாற்றத்தை எழுதி வைக்க, குவியலில் இருந்து ஒரு கோப்பை எடுத்து நிதானமாப் படிக்க நேரம் வேண்டியிருந்தது.

அந்த நிதானத்துக்கு நேரம் எங்கே இருந்து வந்தது? இப்ப அந்த நீதிமன்றத்தோட மொத்தக் குவியலைப் பார்ப்போம். கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பள்ளிக்கூடக் கணக்குதான்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றா உடன்படிக்கைக்குள்ள வந்தாங்க. 47 நாடு, நாட்டுக்கு ஒரு நீதிபதி. 2011-ல் மட்டும் சுமார் 64,000 மனு விசாரணைக்குப் போனது, முடித்தது சுமார் 52,000. அந்த வருஷம் செப்டம்பரில் நிலுவை 1,60,000-ஐத் தாண்டியது. ஒரு நீதிபதி தலைக்கு 3,400 கோப்பு. எங்க காலேஜில் வரிசைக் கோட்பாடுன்னு ஒரு பாடம் உண்டு. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லணும்னா, உள்ள வர்றது வெளிய போறதைவிட ஒரு பங்கு கூடுதலா இருந்தாலும், வரிசை நீண்டுகிட்டேதான் போகும், நீங்க எத்தனை மணி நேரம் உழைச்சாலும் சரி. கழிவுநீர்க் கால்வாய் அடைச்சுக்கிட்ட மாதிரிதான்.

இதுல ஒரு வேதனையான சங்கதி. வர்ற மனுவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விசாரணைக்கே எடுக்கத்தக்கது இல்லை. உள்நாட்டு நீதிமன்றத்துக்கே போகாம நேரா வந்தது, காலக்கெடு தாண்டினது, உடன்படிக்கையில் இல்லாத உரிமையைக் கேட்டது. ஆனா பத்தாவது மனு எது? அதைக் கண்டுபிடிக்க மத்த ஒன்பதையும் ஒருத்தர் படிச்சே ஆகணும். ஜெயிலில் அடிவாங்கினவன் கோப்பும், பக்கத்து வீட்டு வரப்புத் தகராறும் ஒரே கட்டில் கிடக்கும்.

அவங்க என்ன செஞ்சாங்கன்னு நம்ம தறிக் கணக்கில் சொல்றேன். அண்ணன்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காக. பட்டுப்புடவையில் உடல் வெறும் பிளெயினா இருந்தா ஒருத்தரே உட்கார்ந்து நெய்யலாம். கோர்வை வந்தா அப்படி முடியாது. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு நாடா, பக்கத்தில் கைகொடுக்க இன்னொரு ஆள் வேணும். எல்லாப் புடவைக்கும் ரெண்டு ஆள் போட்டா கூலி கட்டாது. கோர்வைக்கு ஒரே ஆளைப் போட்டா புடவை கெட்டுப்போகும்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் 2010 வரைக்கும், வெளிப்படையாகத் தள்ளுபடி ஆக வேண்டிய மனுவுக்குக்கூட மூணு நீதிபதி உட்கார்ந்தாங்க. 2010 ஜூன் 1-ல் இருந்து அதை மாத்தினாங்க. 14-வது நெறிமுறைன்னு பேர். வெளிப்படையா எடுக்கத்தகாத மனுவை ஒரே நீதிபதி முடிச்சிடலாம். ஏற்கனவே பல தடவை தீர்ப்புச் சொன்ன அதே மாதிரி வழக்கை மூணு பேர் குழு முடிக்கலாம். புதுக் கேள்வி இருந்தா ஏழு பேர். ரொம்பப் பெரிய கேள்வின்னா பதினேழு பேர். ஒற்றை நீதிபதி தன் சொந்த நாட்டு மேல வந்த மனுவைத் தொடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனையும் வெச்சாங்க. நல்ல நிபந்தனை. இந்த நெறிமுறை எழுதினது 2004-ல். ரஷ்யா மட்டும் ஒப்புதல் தராம ஆறு வருஷம் இழுத்தடிச்சது. அந்த ஆறு வருஷத்தில் குவிஞ்சதுதான் அந்தப் பாதி மலை.

நெறிமுறை வந்தபிறகு நடந்ததைப் பாருங்க. 2012-ல் சுமார் 88,000 முடிச்சாங்க, 2013-ல் 93,000. வருஷக் கடைசி நிலுவை 2011-ல் 1,51,600. 2013-ல் 99,900. 2015-ல் 64,850. நாலு வருஷத்தில் பாதிக்கு மேல் காலி. எந்த மேனேஜரும் இந்த கிராஃபைப் பார்த்தா கை தட்டுவான். நானும் முதல் தடவை பார்த்தப்ப தட்டினேன்.

அப்புறம் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒற்றை நீதிபதி தள்ளுபடி செஞ்ச மனுதாரருக்கு என்ன போச்சு? ஒரு கடிதம். "உங்கள் மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதல்ல." ஏன்னு காரணம் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. பல வருஷம் காத்திருந்து, அதுவே கடைசி வாசல்னு நம்பி வந்தவருக்கு ஒரு அச்சடிச்ச காகிதம். இதை வெளியே நிறையப் பேர் கடுமையாகக் கேள்வி கேட்டாங்க. 2017-ல்தான் கடிதத்தில் சுருக்கமாகவாவது காரணம் எழுத ஆரம்பிச்சாங்க. வேலை மெதுவாகும்னு தெரிஞ்சே ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்த கிராஃபைவிட இந்த முடிவு மேல மரியாதை அதிகம்.

ஐ.டி. கம்பெனி சப்போர்ட்டில் வேலை பார்க்கிறவங்க இங்கே சிலர் இருக்கீங்க. டிக்கெட் குளோஸ் ஆகிற எண்ணிக்கையை வெச்சு மார்க் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா டிக்கெட்டும் குளோஸ் ஆகியிருக்கும். திங்கட்கிழமை அதே கஸ்டமர் அதே பிரச்சினையோட புது டிக்கெட் போட்டிருப்பார்.

நீதிமன்றத்திலும் இந்த ஆபத்து உண்டு. ஒரே பிரச்சினை ஆயிரம் பேருக்குன்னா, ஒரு வழக்கை எடுத்து, பிரச்சினையோட வேரைச் சொல்லி, அரசாங்கத்துக்கு அதைச் சரிசெய்யக் கட்டளை போடறது ஒரு முறை. முன்னோடித் தீர்ப்புன்னு பேர். 2004-ல் போலந்து வழக்கில் ஆரம்பிச்சாங்க. போருக்குப் பிறகு எல்லை மாறினதில், பூக் நதிக்கு அந்தப் பக்கம் வீடு நிலம் இழந்தவங்களுக்கு நஷ்ட ஈடு பாக்கி. கிட்டத்தட்ட 80,000 பேருக்கு. 80,000 வழக்கு நடத்தாம ஒரு வழக்கில் சொன்னாங்க, போலந்தும் சட்டம் மாத்தி நஷ்ட ஈடு கொடுத்தது. அருமையா வேலை செஞ்சது.

அதையே உக்ரைனில் செஞ்சப்ப? உள்நாட்டு கோர்ட்டில் ஜெயிச்சும் அரசாங்கம் பணம் கொடுக்காத ஜனங்க, ஓய்வூதியக்காரங்க மாதிரி ஆளுங்க. 2009-ல் முன்னோடித் தீர்ப்பு. அரசாங்கம் அசையலை. மனு வந்துகிட்டே இருந்தது. 2017 அக்டோபரில் பெரிய அமர்வு, 12,000-க்கும் மேற்பட்ட மனுக்களை ஒரே நாளில் வரிசையில் இருந்து எடுத்துடுச்சு. இது இனி எங்க வேலை இல்லை, தீர்ப்பை நிறைவேத்தறதைக் கண்காணிக்கிற அமைச்சர்கள் குழுவோட வேலைன்னு அனுப்பிட்டாங்க. 10 நீதிபதி ஒரு பக்கம், 7 நீதிபதி எதிர்ப்பக்கம். புள்ளிவிவரத்தில் 12,000 குறைஞ்சது. அந்தப் பாட்டி கையில் பணம் வந்ததாங்கிறது வேற கேள்வி.

துருக்கியும் அப்படித்தான். 2016 ஜூலையில் ராணுவப் புரட்சி முயற்சி, அதைச் சாக்கா வெச்சு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வேலையை விட்டுத் தூக்கினாங்க. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மனு கொட்டுச்சு. 2017 ஜூனில் நீதிமன்றம், துருக்கி அரசு புதுசா அமைச்ச விசாரணை ஆணையத்துக்கு முதல்ல போங்கன்னு திருப்பி அனுப்பிடுச்சு. அந்த ஆணையம் வேலையை முடிக்க 2023 ஆச்சு. வேலை போன வாத்தியார் ஒருத்தர் ஆறு வருஷம் என்ன சாப்பிட்டிருப்பார்?

நான் அந்த நீதிமன்றத்தைக் குறை சொல்லணும்னு இதைச் சொல்லலை. கை நீட்டிக் குற்றம் சொல்றது சுலபம், 1,60,000 கோப்பை மேஜையில் வெச்சுப் பார்த்தாத் தெரியும். நான் சொல்ல வர்றது, குவியலைக் குறைக்கிற ஒவ்வொரு வழியும் யாரோ ஒருத்தரைக் காக்க வைக்கும், யாரோ ஒருத்தரை வெளியே நிறுத்தும். யாரைங்கிறது கம்ப்யூட்டர் முடிவு இல்லை, மனுஷன் எடுக்கிற முடிவு. அரசியல் முடிவு.

2009 வரைக்கும் அங்கே பெரும்பாலும் வந்த வரிசைப்படிதான் கோப்பு நகர்ந்தது. அது நியாயமாத் தோணும். ரேஷன் கடையில் நாம அதைத்தான் கேட்கிறோம். ஆனா உயிர் ஆபத்தில் இருக்கிறவனும், ஓய்வூதிய பாக்கி கேட்கிறவனும் ஒரே வரிசையில் நின்னா, முன்னவனுக்கு முறை வரும்போது அவன் இருக்க மாட்டான். 2009-ல் முன்னுரிமைப் பட்டியல் போட்டாங்க. உயிர், உடல்நலம், ஜெயிலில் இருக்கிறவர், குழந்தை, இதெல்லாம் முதல். அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டில் நர்ஸ் அக்கா பண்றது இதுதான். முதல்ல வந்த ஜலதோஷம் உட்கார்ந்திருக்கும், அப்புறம் வந்த மாரடைப்பு உள்ளே போகும்.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2019 ஜூலை ஞாபகம் இருக்கா? காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டுற இடங்களில் இருந்து 40-க்கும் மேற்பட்ட கொத்தடிமைகளை மீட்டாங்க. பெரும்பாலும் இருளர் மக்கள். வயசான ஒருத்தர் அதிகாரி காலில் விழுந்து கிடந்த ஃபோட்டோ நாடு முழுக்கப் போச்சு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அது வந்து 43 வருஷம் கழிச்சு, சென்னையில் இருந்து ரெண்டு மணி நேரத் தூரத்தில் இது. இப்படி ஒரு தகவல் நாளைக்கு உங்க வாட்ஸப்புக்கு வருதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேலே தெருவிளக்கு மனு பன்னிரண்டு, பட்டா பெயர் மாற்றம் ஏழு. வந்த வரிசைப்படி பதிவு பண்ணுவீங்களா?

நம்ம நாட்டிலும் மனித உரிமை நீதிமன்றம்னு ஒன்று சட்டத்தில் இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. 1993-ம் வருஷ மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 30-ம் பிரிவு. மாவட்டத்துக்கு ஒரு செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை நீதிமன்றமா அறிவிக்கலாம். நோக்கம், விரைவான விசாரணைன்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு. ஆனா எந்தெந்தக் குற்றம் மனித உரிமை மீறல் குற்றம்னு சட்டம் பட்டியல் போடலை. இருக்கிற செஷன்ஸ் கோர்ட்டுக்கே இந்தப் பேரையும் சேர்த்துக் கொடுக்கிறாங்க, கொலை வழக்கு கொள்ளை வழக்கோட இதுவும் ஒன்று. நாடு முழுக்கக் கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேல் வழக்கு நிலுவையில் இருக்கிற நிலைமையில், "விரைவான"ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க. ஸ்ட்ராஸ்பர்க்கோட 1,60,000 நமக்கு ஒரு மாநிலத்துக்குள்ளேயே காணாமப் போயிடும்.

மாநில மனித உரிமை ஆணையம் 1997 ஏப்ரலில் வந்தது. அதுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிற தன்னார்வலர்கள் ரெண்டு விஷயம் குறிச்சுக்குங்க. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் போகணும், தாண்டினா சட்டப்படி விசாரிக்க மாட்டாங்க. ரெண்டாவது, ஆணையம் சொல்றது வெறும் பரிந்துரைதானேன்னு முன்னாடி அதிகாரிகள் தட்டிக்கழிச்சாங்க. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்னு தீர்ப்புக் கொடுத்திருக்கு. அடுத்த தடவை யாராவது "அது பரிந்துரைதான் தம்பி"ன்னா, இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்க.

பேச்சு முடிஞ்சதும் ரெண்டு கேள்வி வந்தது. பதிலையும் சேர்த்துப் போடுகிறோம்.

ஒரு அம்மா கேட்டாங்க: "அந்த 342 பேரும் தப்பிச்சாங்களா தம்பி?"

எல்லாரும் ஜெயிச்சாங்கன்னு சொல்ல முடியாதும்மா. தீர்ப்பு எல்லாருக்கும் அனுமதி கொடுக்கலை, ஒவ்வொருத்தர் கோப்பையும் எப்படிப் படிக்கணும்னுதான் சொன்னது. ஆனா அந்தத் தீர்ப்பு வரும் வரைக்கும், 2007-லும் 2008 பாதி வரைக்கும், அவங்களை விமானம் ஏத்தக்கூடாதுன்னு ஒரு உத்தரவு கையில் இருந்தது. அந்த மாசங்களில் கொழும்பு எப்படி இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். இன்னொரு வழக்கும் சொல்லணும். சுவிட்சர்லாந்து 2013-ல் ஒரு தமிழரைத் திருப்பி அனுப்பிச்சது. கொழும்பு விமான நிலையத்திலேயே பிடிச்சு உள்ளே வெச்சாங்க, கொடுமைப்படுத்தினாங்க. அதுக்கப்புறம் சுவிட்சர்லாந்தே அவருக்குத் தஞ்சம் கொடுத்தது. 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், அனுப்பினது 3-ம் பிரிவை மீறின செயல்தான்னு சொன்னது. கோப்பைச் சரியாப் படிக்காம அனுப்பினா இதுதான் நடக்கும்னு நான் சொல்றதைவிட அந்த வழக்கு சொல்லும்.

இன்னொரு தோழர்: "சொந்தக்காரங்க ஐரோப்பாவில் இருக்காங்க, தஞ்ச வழக்கு நடக்குது. அவங்களுக்கு என்ன சொல்லலாம்?"

முதல்ல அந்த நாட்டில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்க, நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவா மூணு விஷயம். அந்த நாட்டு நீதிமன்றங்களின் கடைசிப் படி வரைக்கும் போயிருக்கணும். இறுதி முடிவு வந்த நாளில் இருந்து 4 மாசத்துக்குள் ஸ்ட்ராஸ்பர்க் மனு போகணும். முன்னாடி 6 மாசம் இருந்தது, 2022 பிப்ரவரியில் இருந்து 4 ஆக்கிட்டாங்க. பழைய கணக்கை நம்பி யாராவது சொன்னா திருத்துங்க. மூணாவது, நீதிமன்றத்தோட படிவத்திலேயே எழுதணும், ஒரு கட்டமும் விடாம, நகல்களோட. 2014-ல் இருந்து இதில் ரொம்பக் கண்டிப்பு. முழுசா இல்லாத மனுவைப் பதிவே பண்றதில்லை, அனுப்பினதாகக் கணக்கிலும் வராது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. யாராவது புரோக்கர் ஸ்ட்ராஸ்பர்க் ஃபீஸ்னு பணம் கேட்டா கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.

சரி, சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு லேப்டாப்போட வாங்க. நான் அனுப்பின ஷீட்டில் மூணாவது கட்டம் "அவசரம்", கடைசிக் கட்டம் "மனுதாரருக்குச் சொன்ன காரணம்". அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பாம மனுவை முடிச்சதா மார்க் பண்ண முடியாத மாதிரி பூட்டி வெச்சிருக்கேன். அதுல இருந்து ஆரம்பிப்போம்.